திறந்து காட்டிய மிதவை

மார்ச் 14, மாலை ஐந்தே முக்கால். பார்த்து முடித்த ஆவணங்கள் நாற்பத்தொன்று.

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. உன் மிதவைக்குக் காப்புரிமை கிடைக்காது.

எவனாவது முந்திவிட்டானா என்று கேட்பாய். இல்லை. தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் மிதவைகள் எத்தனையோ உண்டு. சேறு படிந்தாலும் சிக்காத கீல் உன்னுடையதில் மட்டும்தான். பழைய காப்புரிமை ஆவணங்கள் நாற்பத்தொன்றையும் வரி விடாமல் படித்துவிட்டு, சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்திரண்டாவதாக வந்தது உன் வீடியோ.

இரண்டு வருடத்துக்கு முன், நான் வேலையை விட்டுச் சட்டம் படிக்கக் கிளம்பிய வாரம், உன் பட்டறைக் கடை வாசலில் எடுத்து யூடியூபில் போட்டது. ஸ்க்ரூ டிரைவரால் மூடியைக் கழற்றி, கீலை வெளியே எடுத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கியிருக்கிறாய். விண்ணப்பம் போடும் முன் ஊருக்குத் தெரிந்துவிட்டால் அது புதியது இல்லை. கண்டுபிடித்தவனே காட்டினாலும் அப்படித்தான். இனி அழித்தும் பயனில்லை.

எனக்கு வேலை பழக்கும் வக்கீலம்மாவிடம் காட்டினேன். ஏதாவது வழி சொல்வார் என்று நினைத்தேன். இரண்டு முறை பார்த்தார். "உங்க அண்ணன் ரொம்ப நல்லா சொல்லிக்குடுக்கறாருப்பா. அதுதான் பிரச்சனை" என்றார்.

காப்புரிமையோடு வந்தால் வாங்குகிறோம் என்ற பம்பு கம்பெனி இனி உன்னை ஏன் தேடப்போகிறது? அவர்களே செய்துகொள்ளலாம். அண்ணியிடம் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறாயே, அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இஞ்சினியர் வேலையை விட்டுட்டு அடுத்தவன் மூளைக்குக் காவல் போறியாடா என்று அப்பா கேட்டபோது, அண்ணன் மூளைக்குத்தான் என்றேன். அந்த ஒரு விண்ணப்பத்தை என் கையால் எழுதத்தான் வந்தேன். இப்போது எதற்கு இந்தப் படிப்பு என்று தெரியவில்லை. பழைய நாற்காலியிலும் வேறு ஆள் உட்கார்ந்தாகிவிட்டது.

வீடியோ முடியும்போது கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாய். "இதை எவனும் காப்பி அடிக்க முடியாது. என் தம்பி படிச்சுட்டு வந்து பதிவு பண்ணிடுவான்" என்கிறாய்.

இப்படிக்கு,
உன் தம்பி

இனி நான் செய்யப்போவது:

1. கம்பெனிக்கு நானே பதில் எழுதுகிறேன். நீ போன் எடுக்காதே.

2. அப்பாவிடமும் நானே சொல்கிறேன்.

3. மே மாதத் தேர்வை எழுதுவேன். தேறுவேனா தெரியாது.

4. சனிக்கிழமை வருகிறேன். பட்டறையை மட்டும் பூட்டிவிடாதே, அண்ணா. அடுத்து எதைச் செய்தாலும் மூடியைத் திருகி வை. முதலில் எனக்குக் காட்டு.