போர்வை வந்துவிட்டது, அப்பா

அப்பா,

இன்று மதியம் அந்தப் போர்வை வந்து சேர்ந்தது. கூரியர் தம்பி மாடிப்படி ஏறி வருவதற்குள் மூச்சு வாங்கிப்போய், "என்னக்கா, உள்ள கல்லா வச்சிருக்கு?" என்று கேட்டான். பிரித்ததும் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி ரப்பர் வாடை. கட்டம் கட்டமாகத் தைத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளை நிரப்பியிருக்கிறார்கள். மடியில் எடுத்து வைத்த உடனே உங்கள் கை ஞாபகம் வந்துவிட்டது. அதை அப்படியே தரையில் இறக்கிவிட்டு, வேலை ஒன்றும் இல்லாமலே அடுப்படியில் போய் நின்றேன்.

உங்கள் பேத்தியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் காலில் சக்கரம் கட்டியவள். ராத்திரி படுக்கப் போட்டாலும் அந்தச் சக்கரம் நிற்காது. சுவரை உதைப்பாள். பல்லி ஏன் கீழே விழவில்லை என்று கேட்பாள். பதில் சொல்லி முடிப்பதற்குள் ஜன்னல் கம்பியில் ஏறியிருப்பாள். பழங்காநத்தத்தில் எங்கள் தெருவே ஆளுக்கொரு வைத்தியம் சொன்னது. கண்ணு பட்டிருக்கிறது என்றார்கள், கயிறு கட்டு என்றார்கள், இரண்டு போட்டால் சரியாகிவிடும் என்றுகூடச் சொன்னார்கள். டாக்டர் அதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொன்னபோது நான் அந்தப் பெயரைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டிருந்தேன். நீங்கள்தான் கேட்டீர்கள்: "பேரு கெடக்கட்டும் டாக்டரு. பிள்ள தூங்குமா?"

கனப் போர்வையைப் பற்றிச் சொன்னது தெரபி கொடுத்த மேடம்தான். உடம்பின் மேல் சீரான கனம் இருந்தால் சில பிள்ளைகள் அடங்கித் தூங்குவார்கள், எல்லாருக்கும் கேட்காது, முயன்று பார்க்கலாம் என்றார். ஒன்றை மட்டும் விரலை ஆட்டிச் சொன்னார்: "பிள்ளை தானாத் தள்ளிவிட்டு வெளிய வர முடியணும். முடியலைன்னா அந்தக் கனம் ஆகாது." நீங்கள் விலையைக் கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். "கனத்தப் போயி காசு குடுத்து வாங்கணுமா? நம்ம வீட்டுல கனத்துக்கா பஞ்சம்?"

அன்றைக்கே அவள் பக்கத்தில் படுத்து, இடது கையைத் தூக்கி அவள் நெஞ்சுக்குக் கீழே குறுக்காகப் போட்டீர்கள். பவர் ஸ்டியரிங் என்ற பேச்சே இல்லாத காலத்தில் பஸ் ஓட்டிக் காய்ப்பேறிய கை. கொஞ்ச நேரம் நெளிந்தாள், கையைத் தள்ளினாள், தானே இழுத்து மறுபடியும் மேலே போட்டுக்கொண்டாள். பிறகு தூங்கிவிட்டாள். உங்கள் மாப்பிள்ளையும் நானும் வாசல்படியில் நின்று, கோயில் கதவு திறந்ததைப் பார்க்கிறவர்கள் போலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு போர்வைப் பேச்சே எழவில்லை. சித்திரை வந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று, "ஒண்ணுமில்ல, காத்து வாங்குறேன்" என்று சொல்ல ஆரம்பித்தீர்கள். சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது. மதுரை வெயிலுக்கு யார் சட்டைதான் ஒட்டவில்லை? காலையில் எழுந்ததும் இடது கையை உதறுவீர்கள். "மரத்துப் போயிருது தாயி. பேத்தி குடுத்த வலி, சொகமா இருக்கு." பிள்ளை மேல் கையை அசைக்காமல் வைத்திருந்தால் மரக்கத்தான் செய்யும் என்று நானும் தைலம் தேய்த்துவிட்டேன். கையை மாற்றிப் போடச் சொன்னார் உங்கள் மாப்பிள்ளை. "எடுத்தா முழிச்சுக்கிரும் மாப்ள" என்று முடித்துவிட்டீர்கள்.

அந்த வலி தோளுக்கு ஏறித் தாடைவரை வந்ததை டீக்கடையில் எதிர்வீட்டு அண்ணனிடம் சொல்லியிருக்கிறீர்கள். எல்லாம் முடிந்த பிறகு அவர் வந்து என்னிடம் சொல்கிறார். பெற்ற மகளிடம் சொல்ல வாய் வலித்ததா? போனவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை அப்பா.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வெயில் கூடத்துக்குள் வந்த பிறகும் உங்கள் அறையில் சத்தம் இல்லை. கதவை லேசாகத் திறந்து பார்த்தேன். சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தீர்கள். உங்கள் கைக்குள் அவள், கண்ணை மூடியபடி. என்றைக்கும் இல்லாத திருநாளாய்ப் பிள்ளை விடிந்தும் தூங்குகிறது என்று எனக்குக் கண் கலங்கியது, சந்தோஷத்தில். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். மிக்ஸி போடவில்லை. கீரைக்காரம்மா கூவியபோது ஓடிப்போய், "மெதுவாக்கா, பிள்ள தூங்குது" என்றேன். உங்கள் மாப்பிள்ளையும் டிவியை ஊமையாக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு முழுக்க நாங்கள் நுனிக்காலில் நடந்தோம்.

பிறகுதான் உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. அழுகை இல்லை, அவசரம்கூட இல்லை.

"அம்மா, தாத்தா கைய எடுக்க முடியல."

அதற்குப் பிறகு அவள் எங்கள் யார் கையையும் மேலே போட விட்டதில்லை. தூக்கமும் பழையபடி போய்விட்டது. வகுப்பில் சாய்ந்து விழுகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்கள். வேறு வழியில்லாமல்தான் மேடத்தைக் கேட்டு, அவள் உடம்புக்குத் தகுந்த அளவில் இந்தப் போர்வையை வரவழைத்தேன்.

இன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் விரித்துக் காட்டினேன். உள்ளே புகுந்தாள். ஒரே உதை, வெளியே வந்துவிட்டாள். மறுபடியும் புகுந்தாள், மறுபடியும் உதைத்தாள்.

"இது ஈசியா வருதும்மா. தாத்தா கைதான் வரல."

"அன்னைக்கு நீ நல்லாத் தூங்கிட்ட பாப்பா. முழிச்ச உடனே அம்மாவக் கூப்பிட்ட. அம்புட்டுத்தான்."

"இல்லம்மா. நான் இருட்டா இருக்கும்போதே முழிச்சிட்டேன்."

அவள் போர்வையின் கட்டங்களை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள்: "தாத்தா எப்பயும் என்னால தூங்கறதே இல்லைன்னு நீதான சொல்லுவ? அன்னைக்கு நல்லாத் தூங்குனாரு. அதான் நான் அசையவே இல்ல. கை சில்லுன்னு இருந்துச்சா, தலமாட்டுல கெடந்த துண்ட மெதுவா இழுத்துப் போத்திவிட்டேன். நீ கதவத் தெறந்தப்ப கண்ண மூடிக்கிட்டேன். நீ பேசுனா தாத்தா முழிச்சிருவாருல்ல."

ஒரு இட்லியைத் தின்று முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்து ஓடுகிற பிள்ளை அப்பா. அந்தத் துண்டை நான்தான் உங்கள் கையிலிருந்து எடுத்தேன். நீங்களே போர்த்திக்கொண்டது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். இறுக்காதேம்மா என்றாள், விட்டுவிட்டேன்.

இப்போது புதுப் போர்வைக்குள் கிடக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூச்சு சீராக வருகிறது. விரலை வைத்துப் பார்த்துவிட்டேன். அசைவு மட்டும் இல்லை. எத்தனை சாமியிடம் இதைக் கேட்டிருக்கிறேன், இப்படி அசையாமல் பிள்ளை தூங்க வேண்டும் என்று. அவள் உண்மையிலேயே தூங்குகிறாளா, அம்மா கொஞ்சம் தூங்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாளா, எனக்குத் தெரியவில்லை அப்பா.