சுவரில் ஆறு வார்த்தை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் நின்றதா என்று கேட்டுவிட்டு, இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டும், அதுதான் முறை. அப்பா சுகம், முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே செய்தி வாசித்துவிடுகிறது. என்னைப் பற்றிய வரியில் பொய் எழுத வேண்டாமே என்றுதான் இத்தனை நாளாகக் கடிதமே போடவில்லை. போனில் நீ குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், ஜலதோஷம் என்றேன். ஜலதோஷம் இல்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று ஜாடை காட்டுவார், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் சலவை ஆலையில் இஸ்திரி உருளைக்குப் பக்கத்துச் சுவரில் ஆறு இங்கிலீஷ் வார்த்தை ஒட்டியிருக்கிறது என்று ஒரு தடவை காகிதத்தில் பார்த்து வரைந்து அனுப்பினேனே, நீகூட ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் எழுதி அனுப்பினாய். ஜாம் என்றால் துணி சிக்குவது, பிளாக் என்றால் வழி அடைபடுவது, சோக் என்றால் நீராவிக் குழாய் அடைத்துக்கொள்வது, லாக் என்றால் உருளை இறுகிப் பூட்டிக்கொள்வது, ஹோல்ட் என்றால் நிறுத்தி வைப்பது, ஷட் டவுன் என்றால் மொத்தமாக மூடுவது. அம்மா, மூடுவதற்கும் அடைப்பதற்கும் இத்தனை வார்த்தையா, திறப்பதற்கு ஒன்றுகூட இல்லையா என்று கடைசியில் கிண்டல் வேறு செய்திருந்தாய். அந்த ஆறு வார்த்தை எதற்கு என்று உனக்குச் சொன்னதில்லை. தூணில் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதை யார் அழுத்தி மெஷினை நிறுத்தினாலும் உடனே பதிவேட்டில் நேரம் போட்டு, இந்த ஆறில் ஒரு வார்த்தையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏழாவது வார்த்தை எழுதக் கூடாது, தமிழில் எழுதக் கூடாது. அந்த ஆறில் எங்கேயும் மனுஷி இல்லை. போர்வையின் இரண்டு முனையை இரண்டு பேர் பிடித்துக் கொடுத்தால்தான் உருளை நேராக வாங்கும், ஒருத்திக்கு ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் மெஷினை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதற்கு வார்த்தை இல்லாததால் எந்தக் காலத்திலோ எவளோ ஜாம் என்று எழுதிவைத்தாள், அதையே நாங்கள் பன்னிரண்டு பேரும் பிடித்துக்கொண்டோம். எனக்கு ஜாம் ஆகுதுடி, சீக்கிரம் அழுத்து என்போம். எனக்குச் சர்க்கரை வந்த பிறகு, இந்த அக்காவாலதான் ஆலையே நஷ்டத்துல ஓடுது என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்புதான் இப்போது கழுத்தை நெரிக்கிறது.

என்னோடு எதிர் முனை பிடிப்பாளே நெட்டை, நீ ஊருக்குக் கிளம்பின அன்று பஸ் மேலே பெட்டியைத் தூக்கிப் போட்டவள், அவள் கை உருளைக்குள் போய்விட்டது. போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பதினொன்று பத்துக்கு. ஓரம் கிழிந்த போர்வை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இழுத்தது. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு, கை பட்டால் மெஷின் தானாக நிற்க வேண்டும். துணி பட்டாலும் நிற்கிறது, உற்பத்தி குறைகிறது என்று எங்கள் சூப்பர்வைசர், எந்த நேரமும் மணிக்கட்டையே பார்ப்பதால் கடிகாரம் என்று நாங்கள் பேர் வைத்தவன், எட்டு மாதத்துக்கு முன்னாலேயே அதை நகர முடியாதபடி கட்டிப்போட்டுவிட்டான். நான் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினேன். நாலு எட்டு தூரம்தான், ஆனால் அந்த நாலு எட்டுக்குள் கை வெந்துவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு போன வண்டி கேட்டைத் தாண்டக்கூட இல்லை, அதற்குள் கடிகாரம் பதிவேட்டை என் முன்னால் நீட்டினான். என்ன எழுதுகிறோம் என்று மனசு யோசிக்கவேயில்லை, கை பழக்கத்தில் ஜாம் என்று எழுதிவிட்டது. கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அதைப் பிடித்துக்கொண்டார்கள். துணி சிக்கினால் உருளைக்குள் கையை விடக் கூடாது என்பது விதி, பதிவேட்டில் ஜாம் என்று இருக்கிறது, ஆகவே கையை உள்ளே விட்டது அவள் தப்பு, ஆலைக்குப் பொறுப்பு இல்லை, வேலையும் இல்லை என்று அவள் வீட்டுக்குக் காகிதம் போனது. நான் பார்க்கப் போனேன். மூன்று விரல் மடங்காது என்று சொல்லிவிட்டார்களாம். திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன், திட்டவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அக்கா, நான் துணியா?"

தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா விசாரணைக்கு வரப்போவதாகச் சொன்னார்கள். வருவதற்கு முந்தின நாள் மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார், பதினாறு வருஷத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றுதான். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த வருஷம் உங்க கையெழுத்துல மட்டும் நூத்துச் சொச்சம் ஜாம் இருக்கே, இது ஒண்ணு பொய்னா மத்ததெல்லாம் என்னன்னு அந்தம்மா கேப்பாங்களே, என்ன சொல்லப் போறீங்க என்றார். ரொம்ப மரியாதையாகக் கேட்டார். எல்லாம் அவருக்கு முன்பே தெரியும். ஒன்றுக்குப் போகிற நேரத்தை நாங்கள் திருடித்தான் போகிறோம் என்று தெரிந்தே விட்டுவைத்திருக்கிறார், என்றைக்காவது இப்படி உதவும் என்று.

உடை மாற்றுகிற அறையில் மற்றவர்களிடம் சொன்னேன். உங்க ஒருத்தி மனசாட்சிக்கு நாங்க அத்தனை பேரும் வீட்டுக்குப் போகணுமா என்று கேட்டாள் பொட்டலம் கட்டுகிறவள். அவள் கேட்டதும் நியாயம்தான். நெட்டை கேட்டதும் நியாயம்தான். நல்லவர்கள் இரண்டு பக்கம் நிற்கிற மாதிரி வைத்துவிட்டு மேனேஜர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அப்பாவிடம் சொன்னேன், எழுதினதையே சொல்லிட்டு வா, ஐம்பத்து மூணு வயசுல உனக்கு எவன் வேலை குடுப்பான் என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

இஸ்திரி உருளைக்குப் பக்கத்திலேயே நடந்த விசாரணையில் நான் சொல்லிவிட்டேன். அது ஜாம் இல்லை, கை என்றேன். கம்பியைக் கட்டிவைத்ததையும் சொன்னேன். மேனேஜர் நினைத்தபடியே அந்த அம்மா மற்ற ஜாம்களைக் கேட்டார். என் கையெழுத்து போட்டதெல்லாம் நான் ஒன்றுக்குப் போனது, மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது என்றேன். அத்தனை ஆண்கள் நடுவில் அதைச் சொல்ல வேண்டியிருந்தது மகளே. அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் சுவரில் இருந்த ஆறு வார்த்தையையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு கட்டிவைத்த கம்பியைப் படம் எடுத்துக்கொண்டு போனார். நெட்டையின் வழக்கை எடுத்துக்கொண்டார்கள். முடிகிற வரை நான் சாட்சி, என்னை நீக்க முடியாது, நானாக விலகினால் கோபத்தில் போனவள் பேச்சு என்று ஆக்கிவிடுவார்கள். ஆக வெளியேயும் போக முடியாது, உள்ளேயும் இருக்க முடியாது.

மறுநாள் போனால் சிவப்புப் பொத்தானுக்குக் கண்ணாடிக் கூண்டு போட்டுப் பூட்டியிருக்கிறது. சாவி கடிகாரத்தின் இடுப்பில். பொய்க் காரணம் சொல்லி நிறுத்துவதைத் தடுக்கவாம். இப்போது ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், அவன் பார்க்க வேண்டும், மனசு வர வேண்டும். கம்பி இன்னும் கட்டியபடியே இருக்கிறது. யாரும் என்னோடு பேசுவதில்லை. என்னால்தான் எல்லோருக்கும் வழி அடைந்தது, உண்மைதானே. எதிர் முனைக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள், உன் வயசுதான் இருக்கும், உருளைக்கு ரொம்பக் கிட்டே கையைக் கொண்டு போகிறாள். நாள் முழுக்க அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நம் வாசல் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க நீ முட்டுக் கொடுப்பாயே ஒரு உருண்டைக் கல், அதைத் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுபோகிறேன். பூட்டுக்குத்தான் சாவி வேண்டும், கண்ணாடிக்கு வேண்டாம். கேட்டில் காவலாளி பையைத் திறந்து, இது என்னக்கா என்றார், டப்பா மூடி நிற்க மாட்டேங்குது என்றேன், எனக்குப் பின்னால் பொட்டலம் கட்டுகிறவள் நின்றிருந்தாள். பைகளை மாட்டுகிற ஆணி வரிசை அந்தக் கோடியில் இருக்கிறது, தூணிலிருந்து இருபது எட்டு தூரம். நேற்றுச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் என் பை தூணிலேயே தொங்குகிறது, பொத்தானுக்குக் கீழே, கைக்கு எட்டுகிற உயரத்தில். புது ஆணி அடித்திருக்கிறது. பொட்டலம் கட்டுகிறவள் என் பக்கம் திரும்பாமல் கயிறு அறுத்துக்கொண்டிருந்தாள், அவள் மேஜையில் சுத்தியல் இருந்தது.

நீ இதற்காக லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே. வந்தால் நான் அழுதுவிடுவேன், அப்புறம் வேலைக்குப் போக மாட்டேன். இருமலுக்கு வெந்நீர் குடி, அறைக் கதவைத் தாழ் போட்டுப் படு, ஜன்னலைத் திறந்து வை. உன் கைகால் பத்திரமாக, நீ நினைத்த இடத்தில் நினைத்த நேரத்தில் எழுந்து போகிற வாழ்க்கை உனக்கு அமையட்டும் என்று அம்மா தினமும் வேண்டிக்கொள்கிறேன், வேறு பெரிய ஆசீர்வாதம் எனக்குத் தெரியவில்லை. ஒன்றை மறந்துவிடாதே. வாசல் கதவு நாள் முழுக்க அடித்துக்கொள்கிறது என்று அப்பா அந்தக் கல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார், போனில் உன்னிடம் கேட்டாலும் கேட்பார். தெரியாது என்று சொல்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா