தாழ் போடாதே, ஓலீட்டா

1998 மார்ச் 3, செவ்வாய். நாஷ்வில்.

கடைசியில் அதையும் செய்யப் போகிறோம். தயாரிப்பாளர் மிட்ச் இன்று எங்கள் குழுவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். அடுத்த ஆல்பத்தில் எங்கள் சொந்தப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. பத்தும் பழைய கன்ட்ரி பாட்டுகள், கிராமத்துக் கிதார்ப் பாட்டுகள்.

"கல்வெர்ட் குழுவோட புதுப் பாட்டுக்கு இப்ப யாரும் காது கொடுக்கறதில்ல ஹாலிஸ். ஆனா அவங்கவங்க அப்பா கேட்ட பாட்டை இன்னொரு தடவை கேப்பாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நானும் தம்பி வெண்டலும் ராக் வாசிக்கப் போனதே அந்த இசை எங்கள் காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான். டிரக்கில் போகும்போது ரேடியோவில் ஒரு கன்ட்ரி பாட்டு வந்துவிட்டால் வெண்டல் பூட்ஸைக் கழற்றி அதன் மேல் எறிவான். அப்படி ஒரு ரேடியோ உடைந்தே போயிற்று. அதே வெண்டல் இன்று மிட்ச் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

எதற்கு ஆட்டினான்?

மார்ச் 4

அவனிடமே கேட்டேன். "வயசாகுதுடா" என்றான். நாற்பத்து மூன்று வயதில்.

மார்ச் 12, வியாழன்

ஒத்திகை. சொல்ல வெட்கமாக இருக்கிறது – நன்றாக வந்தது. ராக் அடித்துப் பழகிய கைக்கு இந்தப் பாட்டுகள் வேறு வேலை வைக்கின்றன. அடிப்பதை விட அடிக்காமல் இருப்பதுதான் இதில் கஷ்டம். பாடுகிறவன் மூச்சு வாங்கும் இடத்தில் டிரம்ஸும் சும்மா இருக்க வேண்டும். மூன்றாவது பாட்டில் வெண்டலும் நானும் ஒரே நேரத்தில் நிறுத்தி, ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்துச் சிரித்தோம். எவ்வளவு நாள் ஆயிற்று அப்படிச் சிரித்து.

பிறகு பத்தாவது பாட்டு என்னவென்று கேட்டேன். எல்லோரும் தங்கள் கிதாரைப் பார்த்துக்கொண்டார்கள். வெண்டல்தான் சொன்னான்: "தாழ் போடாதே, ஓலீட்டா."

ஓலீட்டா எங்கள் அம்மா. அந்தப் பாட்டை எழுதிப் பாடியவன் எவரெட் டிப்டன், எங்களைப் பெற்றவன். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது கிதாரைத் தூக்கிக்கொண்டு போனான். போய் இரண்டு வருஷத்தில் பாட்டு வந்தது. தொலைதூரச் சாலையில் இருக்கும் ஒருவன் மனைவியிடம் சொல்கிறான்: கதவைத் தாழ் போடாதே, ஓலீட்டா, விடிவதற்குள் வந்துவிடுவேன். நாடே கேட்டது. எந்த உணவகத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் பாட்டுப் பெட்டியில் காசைப் போட்டு அதைப் பாட வைப்பார்கள். அவன் மட்டும் வரவேயில்லை.

அம்மா சட்டைத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தாள். மதிய இடைவேளையில் மற்ற பெண்கள் அதை முணுமுணுப்பார்களாம், அவள் திரும்பினால் நிறுத்திவிடுவார்களாம். வங்கியில் அவள் பெயரைப் படித்துவிட்டுப் பாடிக் காட்டினவன் இருக்கிறான். அவளுக்கு முன்னாலேயே! நான் பக்கத்தில் நின்றேன்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். "அம்மாகிட்ட கேட்டுட்டு வாடா, அப்புறம் பேசலாம்" என்றான் வெண்டல். அவள் மறுக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

மார்ச் 15, ஞாயிறு. குக்வில்.

அம்மா பீன்ஸும் சோள ரொட்டியும் செய்திருந்தாள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னேன்.

"அந்தப் பாட்டைப் பாடச் சொல்றாங்கம்மா."

"எந்தப் பாட்டை?"

"எதுன்னு உனக்குத் தெரியாதா?"

தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "பாடுங்க. ஊரெல்லாம் பாடிடுச்சு, நீங்க மட்டும் பாக்கி."

அவ்வளவுதான். முகத்தைப் பார்க்க விடவில்லை. அவள் வெந்துபோய்த்தான் அப்படிச் சொல்கிறாள், எனக்குத் தெரியாதா?

மார்ச் 24, செவ்வாய்

எவரெட் ஸ்டுடியோவுக்கு வந்தான்.

அம்மா சொன்னதை வெண்டலிடம் சொன்ன பிறகு என்னால் மறுக்க முடியவில்லை. நான் டிரம்ஸின் தோலை முறுக்கிச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. வெள்ளைத் தொப்பி, பளபளக்கும் பூட்ஸ், கூடவே மிட்ச், பின்னால் புகைப்படக்காரர் ஒருவர். எழுபது வயது என்று சொல்ல முடியாது. நேராக என்னிடம் வந்தான்.

"ஹாலிஸு! ஒல்லிக்குச்சியா இருப்பியேடா. உங்கம்மா நல்லாத்தான் சாப்பாடு போட்டிருக்கா."

"போட்டாங்க. ஒரு தட்டு குறைச்சுப் போட்டாப் போதும்னு ஆயிடுச்சு, அதனால எங்களுக்குத் தாராளமாவே கிடைச்சுது."

அவன் சிரித்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன், ரசித்துச் சிரிக்கிறான்! "பாட்டெழுத வேண்டியவன்டா நீ" என்று தோளைத் தட்டினான். புகைப்படக்காரர் அதைப் படம் பிடித்துவிட்டார்.

வெண்டலை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். போன கிறிஸ்துமஸிலிருந்தே அவனும் எவரெட்டும் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். ஆல்பமே மிட்சுடைய யோசனை இல்லையாம், வெண்டலுடையதாம்.

"எனக்கு ஆறு வயசுடா அப்ப" என்றான். "உனக்காவது கோவப்பட ஒரு முகம் ஞாபகம் இருக்கு. எனக்கு அதுவும் கிடையாது. அப்பா கூட ஒரே ஒரு பாட்டு பாடணும்னு தோணுச்சு, அது குத்தமா?"

அப்பாவாம்.

"அம்மா பேரை அந்த ஆள் பக்கத்துல நின்னு எப்படிடா பாடுவ? வாய் கூசாது?"

"அம்மாவே பாடச் சொல்லிட்டா. உனக்கு என்ன?"

எனக்கு என்னவாம். எனக்கு என்ன! அவள் ராத்திரி ஷிப்டுக்குப் போனப்ப உனக்குச் சோறு பொங்கிப் போட்டது எவன்டா? கேட்கவில்லை. குச்சிகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வாசல் வரை யாரும் பின்னால் வரவில்லை. உள்ளே அதற்குள் சுருதி சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மார்ச் 25

காலையிலேயே வேறு டிரம்மரைக் கூப்பிட்டுப் பதிவைத் தொடங்கிவிட்டார்களாம். இருபத்திரண்டு வருஷக் குழு. அரைநாள்கூடத் தேவைப்படவில்லை.

ஜூன் 9, செவ்வாய். குக்வில்.

அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வந்துவிட்டேன். மரக்கடையில் வேலை. பலகை அறுத்துக் கொடுக்கிறேன், லாரியில் ஏற்றுகிறேன். இன்று ஒரு ஆள் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க கல்வெர்ட்ல டிரம்ஸ் அடிச்சவர்தானே?" என்றார்.

இல்லை என்றேன். பொய்யும் இல்லையே.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

ஆல்பம் வெளிவந்துவிட்டது. வாங்கவில்லை.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

வாங்காமல் இருந்து என்ன பயன். மரக்கடை முதலாளி செய்தித்தாளைக் கொண்டுவந்து மேஜையில் விரித்து வைத்துவிட்டார். ஒரு பக்கம் முழுக்க விமர்சனம். பத்தாவது பாட்டைப் பற்றித்தான் பாதிப் பக்கம். "தந்தையின் குரலுக்குப் பின்னால் ஹாலிஸ் டிப்டன் அடக்கி வாசிப்பதில் ஒரு மகனின் மன்னிப்பு ஒலிக்கிறது. அவர் வாழ்நாளில் இதைவிடச் சிறப்பாக வாசித்ததில்லை."

ஆல்பத்தின் உறையில் என் பெயரை எடுக்க மறந்தார்களா, வெண்டல் வேண்டுமென்றே விட்டானா, தெரியவில்லை. என் மன்னிப்பைக் கூலிக்கு ஆள் வைத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் அந்த ஆள் என்னைவிட நன்றாக வாசித்துத் தொலைத்திருக்கிறான்.

முதலாளி முதுகில் தட்டி, "சொல்லவே இல்லையே!" என்றார். பலகை ஏற்றப் போய்விட்டேன்.

செப்டம்பர் 13, ஞாயிறு

இன்று அம்மாவோடு சண்டை. எழுதி ஆறப்போட்டுவிட முடியுமா பார்க்கிறேன்.

உள்ளே நுழையும்போதே அந்தப் பாட்டு கேட்டது. வெண்டல் அனுப்பியிருக்கிறான். சமையலறையில் நின்று உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போய் அதை நிறுத்தினேன்.

"போடு அதை" என்றாள்.

"அம்மா, உனக்காகத்தான் நான் குழுவையே விட்டுட்டு வந்தேன்."

"நான் சொன்னேனா விடச் சொல்லி?"

கத்தியைக் கீழே வைத்தாள். இவ்வளவு நேரம் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

"எனக்காக, எனக்காகன்னு நாப்பது வருஷமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கியாடா? அந்த பேங்க்காரன் பாடினப்ப நீ அவனை முறைச்ச பாரு, அப்பதான் எனக்கு மானம் போச்சு. அதுவரைக்கும் நான் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்ப உனக்கு அந்த ஆள் மேல கோவமே இல்லையா?"

"ஏன் இல்ல? உங்கப்பன் செத்தா அழ மாட்டேன். ஆனா பாட்டு நல்ல பாட்டுடா. அதான் கொடுமையே. கேட்டா இன்னும் உள்ள என்னமோ பண்ணுது. மோசமா எழுதித் தொலைச்சிருந்தான்னா என்னிக்கோ மறந்திருப்பேன்."

திரும்ப அவளே போட்டுவிட்டாள். நான் கிளம்பிவிட்டேன். டிரக்கில் வெகுநேரம் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னே, நான் யாருக்காகத்தான் விட்டேன்?

அக்டோபர் 17, சனி

வெண்டல் போன் செய்தான். மார்ச்சுக்குப் பிறகு இன்றுதான். எவரெட்டும் குழுவோடு சுற்றுப்பயணம் போயிருக்கிறான். டல்சாவில் மேடையிலேயே விழுந்துவிட்டான். பக்கவாதம். இடது கை, கால் வராது. பேச்சு குழறுகிறது. வேறு சொந்தம் என்று யாருமில்லை. கடைசியாகக் கட்டியவளும் போய்ச் சேர்ந்து நாளாயிற்றாம்.

"சுற்றுப்பயணம் டிசம்பர் வரைக்கும் இருக்குடா. டிக்கெட் எல்லாம் வித்தாச்சு. நான் நடுவுல விட முடியாது."

"அப்ப மேடையில அந்த ஆள் பாட்டை யார் பாடுவா?"

"நான்தான். ஜனங்க எழுந்து நின்னு கை தட்டறாங்கடா, அவர் விழுந்ததுக்கு அப்புறம் இன்னும் அதிகமா."

போனை வைத்துவிட்டேன். பிறகு அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"பின்னாடி ரூம் காலியாத்தான் இருக்கு. கூட்டிட்டு வா" என்றாள்.

"உனக்கு என்ன பைத்தியமா?"

"நீ போறியா, இல்ல நான் பஸ் ஏறவா?"

அக்டோபர் 29, வியாழன்

கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு பகல் முழுக்க ஓட்டம். ஆர்கன்சா மாநிலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தோம். தொப்பி மடியில் கிடந்தது. தொப்பி இல்லாமல் பார்த்தால் சாதாரணக் கிழவன்.

"அவளா... வரச் சொன்னா?" வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன.

"ஆமா."

கொஞ்ச தூரம் போன பிறகு: "எழுதினப்ப... நிஜமாவே வர்றதாத்தான் இருந்தேன்டா. பாட்டு ஓடிடுச்சு."

"ஓடினா என்ன? வந்திருக்கலாமே."

"வீட்ல இருக்கிறவன்... அந்தப் பாட்டை எப்படிப் பாடுவான்? எவன் கேப்பான்?"

 வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றேன். வராமல் இருந்ததுதான் அவன் பிழைப்பு. நாங்கள் காத்திருந்ததுதான் சரக்கு. இத்தனை வருஷத்தில் ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. ஆனால் பொய் சொல்லவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். திரும்பி ஏறியபோது அழுதுகொண்டிருந்தான். நல்ல கையை எடுத்துத் துடைத்துக்கொள்ளவில்லை. நானும் துடைக்கவில்லை.

வீட்டு வாசலுக்குச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். அம்மா கதவருகே நின்றாள். முப்பத்தேழு வருஷம். என்ன சொல்லப் போகிறாளோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சக்கரத்தைத் துடைச்சுட்டு உள்ள கொண்டா. தரையை இப்பத்தான் துடைச்சேன்."

நவம்பர் 8, ஞாயிறு

தேவாலயத்திலிருந்து கூட்டமாகப் பார்க்க வந்தார்கள். ஆளுக்கொரு கேக், ஆளுக்கொரு கண்ணீர். எவ்வளவு பெரிய மனசு உனக்கு ஓலீட்டா என்று ஒருத்தி அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அவர்கள் போனதும் அம்மா சொன்னாள்: "எத்தனை வருஷமா என்னைப் பாவம் பாத்தாங்க. இப்ப அவனைப் பாவம் பாக்கட்டும். எனக்குக் கொஞ்சம் ஓய்வு."

சிரித்துவிட்டேன். உள்ளறையிலிருந்தும் குழறலாக ஒரு சிரிப்பு கேட்டது.

நவம்பர் 19

அவனைத் தூக்கி உட்காரவைக்க அம்மாவால் முடிவதில்லை. காலையில் கடைக்குப் போகும் முன் நான், சாயங்காலம் திரும்பியதும் நான். வேறு யார்?

டிசம்பர் 20, ஞாயிறு

மதியம் வெண்டல் போனில் பேசினான். சுற்றுப்பயணம் முடிந்துவிட்டதாம். இன்னொரு கன்ட்ரி ஆல்பம் போடச் சொல்கிறார்களாம். அந்த டிரம்மர் வேறு குழுவுக்குப் போய்விட்டானாம்.

"வந்துடுடா ஹாலிஸ். உன் இடம் அப்படியேதான் இருக்கு."

"எனக்கு இங்க வேலை இருக்கு."

"மரக்கடையா?"

"காலையில ஒரு ஆளைக் குளிப்பாட்டணும். சாயங்காலம் நடக்க வைக்கணும்."

"அதுக்கு ஒரு ஆள் போட்டுக்கலாம்டா."

"ஆள் போட்டுத்தானே பாட்டையும் பண்ண. எப்படி வந்துச்சுன்னு பேப்பர்ல படிச்சேன்."

 பிறகு கிறிஸ்துமஸுக்கு வரலாமா என்று கேட்டான். அம்மாவிடம் கேட்டுக்கொள் என்றேன்.

பின்னறைக்குத் திரும்பிப் போனபோது அப்பா நாற்காலியிலேயே தூங்கிவிட்டிருந்தார். சவரம் பாதியில் நின்றிருந்தது, ஒரு கன்னத்தில் நுரை காய்ந்துபோயிருந்தது. கிண்ணத்துத் தண்ணீர் ஆறிவிட்டது. கொட்டிவிட்டு வேறு வெந்நீர் எடுத்து வந்தேன்.