ஏலாக்குறிச்சியில் வாசித்த பெயர்

14 பிப்ரவரி 2024, புதன்

சாம்பல் புதன். காலைப் பூசைக்குப் போய்விட்டு நேராகப் பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என் நெற்றியைப் பார்த்து, "டீச்சர், அழுக்கு" என்றார்கள். அழுக்குதான் போங்கடா என்றேன்.

இந்தத் தவக்காலத்தில் எதை விடுவது? போன வருஷம் டீயை விட்டு, தலைவலியில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்ததுதான் மிச்சம். இந்த முறை சத்து மாத்திரையை விடப் போகிறேன். நவம்பரில் ரத்த சோகை என்று திருச்சி டாக்டர் எழுதிக் கொடுத்தது. போட்டால் குமட்டுகிறது, காலையில் கண்ணிமை இட்லி மாதிரி வீங்கி நிற்கிறது. ஆண்டவர் பாலைவனத்தில் பட்டினி கிடந்த நாளில் எனக்கு எதற்குச் சத்து?

வீட்டுக்காரரிடம் சொன்னால் விடமாட்டார். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறவர், மாத்திரை என்றால் அவருக்கு வேதவாக்கு.

2 மார்ச், சனி

குமட்டல் இல்லை. முகம் வடிந்துவிட்டது. தினமும் ராத்திரி அவர் உறையிலிருந்து மாத்திரையை எடுத்துக் கையில் தருகிறார். தண்ணீர் குடிக்கிற மாதிரி குடித்துவிட்டு முந்தானையில் முடிந்துகொள்கிறேன். "போட்டாச்சா?" "ஆச்சுங்க." தவக்காலத்தில் பொய். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

31 மார்ச், ஞாயிறு

உயிர்ப்புப் பெருவிழா. மகள் ஜெனிதா பெரம்பலூரிலிருந்து வந்திருக்கிறாள். பிரியாணி. மாத்திரையை மறுபடி தொடங்க வேண்டும், மனசு வரவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம்.

6 ஏப்ரல், சனி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

எங்கள் தெரு ஜெபக்குழுவான அன்பியத்துப் பெண்களோடு திடீரென்று முடிவு செய்து வேனில் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போனேன். அவர் கடையில் இருந்தார், சொல்லவில்லை. பூசைக்கு முன்னால், காணிக்கை கட்டி எழுதிக் கொடுத்தவர்களின் வேண்டுதல் கருத்துகளை மைக்கில் வாசித்தார்கள். பரீட்சையில் தேற, குழந்தை வரம் வேண்டி, இப்படியே போனது. அப்புறம், "இரத்தப் புற்றுநோயால் அவதியுறும் வரதராஜன்பேட்டை விண்ணரசி பூரண குணம் பெற வேண்டி…"

ஐயோ பாவம், நம்ம ஊரில், என் பெயரிலேயே ஒருத்தியா என்று அவளுக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்லத் தொடங்கினேன். பாதியில், "…கணவர் செபஸ்டின்" என்று என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி முடித்தார்கள்.

பக்கத்தில் ஷாலினி மேரி என் கையைப் பிடித்தாள். வேனில் வந்த பதினோரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முன்னால் மாதாவுக்குத் தெரியும். மைக்செட்டுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர் மறுக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம சாமியார்ட்ட குடுத்தா ஊரே கேக்கும். அங்க யாரு கேக்கப் போறான்னு மூணு மாசத்துக்குக் குடுத்து வச்சேன்."

"ஜெனிதாவுக்குத் தெரியுமா?"

"வரன் பாக்குற நேரம், அரசி. ரத்தத்துல வியாதின்னா பொண்ணுக்கும் வரும்னு சொல்லுவாங்க. அவளும் சொல்ல வேணாம்னுதான்…"

ஆக, மகளும். "ஒரே வூட்டுல மூணு பேரு. ரெண்டு பேருக்குத் தெரியும். நான் யாரு இந்த வூட்டுல?" என்றேன்.

முந்தானையில் முடிந்த கதையை நானும் சொன்னேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "எத்தன நாளு?" என்றார். "ஐம்பத்திரண்டு" என்றேன்.

7 ஏப்ரல், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ராத்திரியே மாத்திரையைத் தொடங்கிவிட்டேன். அட்டையோடு கொண்டுவரச் சொன்னேன். சத்து மாத்திரையாக இருந்த புற்றுநோய் மாத்திரையின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

9 ஏப்ரல், செவ்வாய்

திருச்சி. டாக்டர் அம்மாவிடம் தனியாகப் பேசினேன். "உங்களுக்குமா எங்கிட்ட சொல்ல வாய் வரல?"

"உங்க வீட்டுக்காரர் கெஞ்சிக் கேட்டாரும்மா. நான் ஒத்துக்கிட்டிருக்கக் கூடாது. தப்புதான்" என்றார். அந்த ஒரு வார்த்தையை எங்கள் வீட்டில் இன்னும் யாரும் சொல்லவில்லை.

பிறகு பொறுமையாகச் சொன்னார். நூற்றைம்பது வருஷம் முன்னால் இந்த நோய்க்குப் பாஷாணத்தையே சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார்களாம். அவர் படித்த காலத்தில், கூடப்பிறந்தவர்களின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால் பிழைக்க வழி உண்டு. இல்லையென்றால் பெரும்பாலும் நாலைந்து வருஷம். இப்போது தினம் ஒரு மாத்திரை. நிறையப் பேர் பேரன் பேத்தி எடுக்கிறார்கள். பல வருஷம் நோய் கண்ணுக்கே படாமல் இருந்தால், சிலருக்கு மாத்திரையை நிறுத்திப் பார்க்கும் காலமும் வந்துவிட்டதாம்.

"நான் நிறுத்தித்தானே பார்த்தேன்?"

"அது வேற. நீங்க கதவத் தொறந்து விட்டிருக்கீங்க. உள்ள எவ்வளவு வந்திருக்குன்னு பார்க்கணும்."

24 ஏப்ரல், புதன்

ரத்தப் பரிசோதனையில் பிப்ரவரியில் நூற்றுக்கு ஆறு இருந்த நோயின் கணக்கு இப்போது முப்பத்தொன்று. நோய் மாத்திரைக்குப் பழகிக்கொண்டு வேறு வேஷம் போட்டிருந்தால், இந்த மாத்திரை இனி கேட்காது. அதற்குத் தனிப் பரிசோதனை.

சொல்லியிருந்தால் ஒரு நாள் விட்டிருப்பேனா? ஒரே ஒரு நாள்?

நானும் பொய் சொன்னேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சத்து மாத்திரை என்று நினைத்துச் சொன்ன பொய் அது. அவர் எந்த மாத்திரை என்று தெரிந்தே சொன்னார்.

15 மே, புதன்

வேஷம் மாறவில்லை. அதே மாத்திரை. கேட்கிறதா என்று ஆகஸ்டில் தெரியும்.

9 ஜூன், ஞாயிறு

பெரம்பலூரிலிருந்து ஜெனிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். அடுப்படியில் அவள் என் காதில், "அம்மா, இன்னிக்கு மட்டும் சொல்லாதம்மா" என்றாள். என்னிடம் மறைத்தவர்கள் இப்போது என்னையே கூட்டுச் சேர்க்கிறார்கள்.

கேசரியை வைத்துவிட்டுச் சொன்னேன். வியாதியின் பெயர், மாத்திரை, இது வழிவழியாக வருகிறதில்லை என்பது வரை. பையனின் அம்மா என்னைப் பார்த்து, "நல்லா பாத்துக்குங்க" என்றார். கலந்து பேசிச் சொல்கிறோம் என்று போனார்கள்.

ஜெனிதா சாப்பிடாமல் பஸ் ஏறினாள். நான் செய்தது சரியா? அவளைப் பழி வாங்கினேனா? கொஞ்சம் அதுவும் இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது.

30 ஜூன், ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் இல்லை. மகளிடமிருந்தும்.

14 ஆகஸ்ட், புதன்

திருச்சி. அவரை உள்ளே வர வேண்டாம் என்றேன். வராண்டா பெஞ்சில் என் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முப்பத்தொன்று, ஒன்றுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. மாத்திரை கேட்கிறது. டாக்டர் அம்மா சிரித்தார். நான் சிரித்தேனா, நினைவில்லை.

வெளியே வந்தேன். "என்ன சொன்னாங்க?" பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். பஸ்ஸில் புள்ளம்பாடி தாண்டும்போது மறுபடி கேட்டார். "அரசி, நல்லதா கெட்டதா, அத மட்டும் சொல்லு." வேண்டுமென்றேதான் சும்மா இருந்தேன். அவர் ஐந்து மாதம் மறைத்தாரே, ஒரு பஸ் பிரயாணம் தெரியாமல் உட்கார்ந்து பார்க்கட்டும்.

கீழப்பழுவூரில் அவர் கையைப் பார்த்தேன். குடைப்பிடியைப் பிடித்த பிடியில் நகமெல்லாம் வெளுத்திருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொன்னேன். பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப என்னைய மன்னிச்சுட்டியா?"

"ரிசல்ட்டத்தான் சொன்னேங்க" என்றேன்.