ஐந்தாவது வரி

திருமயம்
9.5.1964

அன்புள்ள அத்தானுக்கு,

செவந்தி எழுதிக்கொள்வது. முதலில் இதைப் படித்துவிடுங்கள்: நம் அழகி பிழைத்துக்கொண்டாள். டாக்டர் பார்த்துவிட்டார். கஞ்சியும் குடித்தாள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பம்பாயில் நீங்கள் பார்க்கும் கணக்கு மிஷின் எப்படி வேலை செய்கிறது என்று அவள் கேட்டிருந்தாளே, அதற்கு நீங்கள் எழுதிய பதிலால் வந்த வினை இது. ஒரு கட்டளையை எடுக்கும், அது என்ன சொல்கிறது என்று பார்க்கும், செய்யும், அடுத்த கட்டளைக்குப் போகும். ஏன் என்று கேட்காது, களைப்பும் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். அவளே மிஷினாக விளையாட நான்கு வரியும் கொடுத்திருந்தீர்கள். ஊருணியில் இறங்கு. செம்பில் தண்ணீர் எடு. முருங்கைக்கு ஊற்று. மறுபடி முதல் வரிக்குப் போ.

நேற்று அவளை உடையப்பன் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு இலுப்பூர் போயிருந்தேன். காலையிலேயே தொடங்கியிருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்ட அண்ணியிடம், "மிஷினு சோறு திங்காது அத்தை" என்றாளாம். தண்ணீர் எடுக்க வந்த பக்கத்து வீட்டு ராக்காயி, "ஏண்டி, முருங்கைக்கு என்ன கல்யாணமா? இம்புட்டுத் தண்ணி வாக்குற!" என்று கேலி செய்தாளாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

சித்திரை வெயில். தண்ணீர் கீழே இறங்கி, படியெல்லாம் பாசி. எட்டு வயதுப் பிள்ளை எத்தனை நடை நடக்கும்? தலை சுற்றி உள்ளே விழுந்துவிட்டாள். படியில் செம்பு மட்டும் கிடப்பதைப் பார்த்து ராக்காயி அலற, அண்ணன் குதித்துத் தூக்கினார்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கரையில் கூட்டம். நடுவில் அவள் பாவாடை தெரிந்தது. அப்புறம் நான் என்ன செய்தேன் என்று மற்றவர்கள்தான் சொல்கிறார்கள்.

கண் விழித்தவளிடம், ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். "அப்பா நில்லுன்னு எழுதலையே ஆத்தா" என்றாள்.

தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். இல்லைதான். மிஷினுக்கு எழுதியிருந்தால் மறந்திருக்க மாட்டீர்கள்.

குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பொய், கொஞ்சம் சொல்லத்தான் எழுதுகிறேன். பொங்கலுக்கு வருகிறேன், லீவு இல்லை, ஆடிக்கு வருகிறேன், லீவு இல்லை என்று உங்கள் கடிதங்களும் மூன்று வருஷமாக முதல் வரிக்கே திரும்பிக்கொண்டிருக்கின்றன.

அண்ணன் அந்தத் தாளைக் கிழிக்கப் போனார். அவள் விடவில்லை. கடைசியில் நானே 'நில்' என்று எழுதிக் கொடுத்தேன். செல்லாதாம், அப்பா கையால் எழுத வேண்டுமாம். இன்று காலை எழுந்ததும் செம்பைத் தேடினாள். ஒளித்து வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வரியைத் தபாலில் அனுப்ப வேண்டாம் அத்தான். அவள் பார்க்க, இங்கே வந்து எழுதுங்கள்.

உங்கள்
செவந்தி