சரிவுக் கொல்லையில் மக்காச்சோளம்

1943 செப்டம்பர் 14

காலையில் பெய்த மழையில் விதை போய்விட்டது. மேல்கொல்லை விருத்தாசலம் ஐயா நிலத்தில் விழுந்த தண்ணீரெல்லாம் என் சரிவில் இறங்கி, நடுவே ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. போன வாரம் ஊன்றிய மக்காச்சோளம் பாதிக்கு மேல் கீழே ஓடையில். மேலே மிச்சம் சரளைக்கல்தான்.

அரிசி கிடைக்காத காலம் என்று திண்டிவனத்தில் விவசாய ஆபீசில் இந்த விதையைக் கொடுத்தார்கள். கேப்பையே தேறாத கொல்லையில் இது எங்கே வரும் என்று சேரியில் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் — இருந்திருந்தால் என்ன? இந்தக் கொல்லையை நம்பிப் பிழைக்க முடியாது என்றுதானே மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பல் ஏறினார். ஆறு வருஷமாகிறது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு ஒரு வரிகூட இல்லை.

செப்டம்பர் 16

விருத்தாசலம் ஐயாவிடம் போய்க் கேட்டேன்.

"ஐயா, உங்க கொல்லைத் தண்ணி அத்தினியும் எங்கொல்லையில எறங்குதுங்க. வரப்பைக் கொஞ்சம் ஒசத்திப் போட்டீங்கன்னா நல்லாருக்கும்."

"தண்ணி பள்ளத்துக்குத்தான் போவும். நான் இன்னா பண்றது? உன் ஊட்டுக்காரன் மாசிலாமணி இருந்தா அவங்கிட்ட பேசலாம்."

வீடு வரும் வரை வாய்க்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். நல்ல நல்ல பதில்கள்.

நவம்பர் 20

மிஞ்சிய பயிர் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. அடி இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வருகின்றன. விவசாய ஆபீஸ் டெமான்ஸ்ட்ரேட்டர் சைக்கிளில் வந்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்தார்.

"மண்ணு பசியா கெடக்குதும்மா. ஆனா இப்ப எரு போட்டாலும் மழை வாரிக்கினு போயிடும். மொதல்ல மண்ணை நிறுத்தணும். அப்புறம்தான் அதுக்குத் தீனி."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எப்படி நிறுத்துவது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

நவம்பர் 21

இன்று யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டை அதட்டியது சேர்த்தியில்லை.

1944 ஜனவரி 9

கதிர் ஒடித்தேன். பொக்கை வாய் மாதிரி, மணி பாதி, இடைவெளி பாதி. மூன்று கூடைகூட நிறையவில்லை.

விழுப்புரத்திலிருந்து அண்ணன் வந்தான். ஸ்டேஷனில் போர்ட்டராக இருக்கிறான். கூடையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே பேசினான்.

"கெளம்பு ஜெயம். அங்க எங்களோட இருந்துக்க. தனியா ஒரு பொம்பளை இந்தக் கல்லுல இன்னா பண்ணிக்கினு இருக்கே?"

"அவர் வந்தா எங்க வருவாரு அண்ணே?"

"வந்தாத்தானே."

சொன்ன பிறகு அவனுக்கே முகம் மாறிவிட்டது. தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டுச் சாயந்தர வண்டிக்குப் போய்விட்டான். சோறு வடித்து வைத்திருந்தேன். அப்படியே இருக்கிறது.

வந்தால்தானே. எனக்கு மட்டும் அது தெரியாதா? ராத்திரி ஜபமாலையை எடுத்தால் உயிரோடு இருக்கிறவருக்காகச் சொல்வதா, செத்தவருக்காகச் சொல்வதா என்று இரண்டு வருஷமாகத் திண்டாடிக்கொண்டிருக்கிறேன். இதை யாரிடம் சொல்வது?

மே 3

கோடை மழை. கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். சரிவில் எந்த இடத்தில் தண்ணீர் வேகம் எடுக்கிறது, எந்த மட்டத்தில் தயங்கி நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கல்லாக வைத்துக்கொண்டே போனேன். மழை விட்டதும் நின்று பார்த்தேன். கற்கள் நேராக இல்லை. மூன்று வரிசையாக, பாம்பு போன தடம் மாதிரி வளைந்து வளைந்து சரிவைக் குறுக்கே மறித்துக்கொண்டு கிடந்தன. அந்தத் தடத்திலேயே வரப்புப் போடப் போகிறேன்.

மே 25

ஏரி வற்றிவிட்டது. ஊர் வண்டிகள் வண்டல் அள்ளி முடித்த பிறகு சேரிக்காரர்களுக்கு விட்டார்கள். வண்டிக்கு நான் எங்கே போவேன்? கூடையில்தான். கழுத்து திரும்பவில்லை.

ஆகஸ்ட் 12

வண்டல் பரப்பி விதைத்த சணப்பு இடுப்பு உயரம் வந்து பூத்திருந்தது. கொல்லை முழுக்க மஞ்சள். இந்தச் சரிவு இப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. அதைத்தான் இன்று மடக்கி உழச் சொன்னேன். மேல்வரப்பிலிருந்து விருத்தாசலம் ஐயா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பூத்த பயிரை மடக்கி உழறியே. புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"எருவுக்குங்க ஐயா."

உழவு முடிந்து ஆட்கள் போன பிறகு அழுதேன். பூவுக்காக அல்ல. எதற்கென்று எழுதத் தெரியவில்லை.

அக்டோபர் 19

பெரிய மழை. வரப்பு நின்றது. மூன்றும் நின்றன. மடக்கி உழுத மண்ணில் அகல அகலமாக ஊன்றிய பயிர் ஒன்றுகூடச் சாயவில்லை. தண்ணீர் தேங்காமல் வரப்புக் கோடியில் கல் பரப்பிய கடைவாய் வழியாகத் தெளிந்து ஓடையில் விழுந்தது.

அக்டோபர் 20

விருத்தாசலம் ஐயா கோபமாக வந்தார்.

"எம்மண்ணு பூரா உன் வரப்புல வந்து கெடக்குது."

பார்த்தேன். உண்மைதான். மேல்வரப்பை ஒட்டி நாலு விரல் கனத்துக்கு நல்ல மண். இத்தனை வருஷமும் இது ஓடையோடு போய்க்கொண்டிருந்தது. இப்போதுதான் அவர் கண்ணில் படுகிறது.

"எடுத்துக்கினு போங்க ஐயா. கூடை வேணுமா?"

அவர் வரப்பின் மேல் கொஞ்ச தூரம் நடந்தார். கடைவாயில் உட்கார்ந்து கற்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வேறு குரலில் கேட்டார்.

"இந்த வளைவு எப்பிடிப் புடிச்சே?"

சொன்னேன். மழையில் நனைந்து நின்றதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் இருந்தால் பேசலாம் என்று இன்று அவர் சொல்லவில்லை.

நவம்பர் 2

மேல்கொல்லையில் ஆட்கள் வளைவு வரப்புப் போடுகிறார்கள். பயிர் முழங்கால் அளவு வந்ததும் இரண்டாம் எரு வைத்து மண் அணைத்தேன். இலை கருகருவென்று இருக்கிறது.

1945 ஜனவரி 6

கூடை போதாமல் கோணியில் கட்டினேன். ஒவ்வொரு கதிரும் நுனி வரை மணி. தோலை உரித்து உரித்துப் பார்த்தேன், பொக்கை இருக்குமோ என்று.

வாசலில் குவித்துவிட்டு உட்கார்ந்தேன். காட்ட ஆளில்லை. கூழ் காய்ச்சிக் குடித்தேன். நன்றாக இருந்தது. நன்றாயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்குள் என் குரல் யாருடையதோ மாதிரி கேட்டது.

நவம்பர் 11

சண்டை முடிந்து மலாயாவிலிருந்து ஒருவர் ஒருவராக வருகிறார்கள். வானூர்க்காரர் ஒருவர், தோட்டத்து ஆட்களை சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், திரும்பியவர்கள் குறைவு என்று சொன்னாராம். நேரில் போய்க் கேட்கலாம். போகவில்லை.

1946 ஜூன் 17

வந்துவிட்டார்.

ஜூன் 19

என்ன எழுதுவது? தலை நரைத்துவிட்டது. கொடுத்ததைச் சாப்பிடுகிறார். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. கேட்டால்தான் பேசுகிறார்.

ஜூலை 8

கொல்லைக்கு அழைத்துப் போனேன். ஒன்பது வருஷமாக இந்த நாளை மனசுக்குள் எத்தனை முறை நடத்திப் பார்த்திருப்பேன். வரப்புகளைக் காட்டினேன், மண்ணை அள்ளிக் கையில் கொடுத்தேன். "நல்லா இருக்குது" என்றார். உடைந்திருந்த ஒரு மூலையைச் சரிசெய்ய மண்வெட்டியை எடுத்து நாலு வெட்டு வெட்டினேன். திரும்பினால் அவரைக் காணவில்லை. ரோட்டோரத்தில் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார்.

ஜூலை 9

இன்று அவராகவே சொன்னார்.

"சயாமுல காத்தால மம்மட்டி எடுத்தா பொழுது சாயறவரிக்கும் வெட்டணும். பக்கத்துல வெட்டிக்கினு இருக்கறவன் சத்தம் நின்னுதுன்னா, உழுந்துட்டான்னு அர்த்தம். திரும்பிப் பாக்கக் கூடாது. நேத்து நீ வெட்டறப்போ, எப்ப நின்னுடுமோ எப்ப நின்னுடுமோன்னு... என்னால முடியல ஜெயம்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 4

அண்ணன் சொல்லி அவருக்கு விழுப்புரம் ஸ்டேஷனில் விளக்கு துடைக்கிற வேலை கிடைத்திருக்கிறது. "நீயும் வந்துடு" என்கிறார். யாருக்காக இந்த மண்ணைச் சுமந்தேனோ அவருக்கு அது வேண்டாம். அப்புறம் யாருக்கு? நாள் முழுக்க யோசித்தேன். சணப்பு பூக்க இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது, அதை யார் மடக்கி உழுவார்கள் என்றும் நடுநடுவே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் புரிந்தது.

"நீங்க போங்க. லீவு நாள்ல வாங்க. நான் இங்கயே இருக்கறேன்" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை.

நவம்பர் 6

இன்று அவருக்கு லீவு. முதல் வண்டிக்கே வந்துவிட்டார். பயிர் முழங்கால் தாண்டிவிட்டது, மண் அணைக்க வேண்டிய நேரம். மண்வெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். சாலோரம் குந்தி, கையால் மண்ணை இழுத்து ஒவ்வொரு செடியாக அணைத்தேன். அவர் ரோட்டோரத்தில் நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து எதிர்ச் சாலில் வந்து குந்தினார். அவர் விரல் வேலையை மறக்கவில்லை. எனக்கு முன்னால் போய்விட்டார்.

நாலு சால் முடித்தோம். சாயந்தர வண்டிக்கு விழுப்புரம் போய்விட்டார். மீதிச் சால்களை நாளை மண்வெட்டியால் அணைக்க வேண்டும்.