விலக விரும்பிய வேளுக்கு, ஏரிக்கரை குறித்து

மழை பெய்க; பெய்தது கரைக்குள் நிற்க.

பெருநீர் நாடாளும் கோமகனார் திருவாய்மொழிந்தபடி, திருவோலை நாயகம் பூதன் காவிதி, மேல்கரை நாட்டின் வேளும், பகைவர் கனவில் புலியும், பந்தியில் முதல் இலையுமாகிய எயினன் விழுப்பரையர் சமூகத்துக்கு எழுதுவது. தங்கள் விருதுகளில் இன்னும் பல மிச்சமுள்ளன. ஓலையும் போதாது, நேரமும் போதாது, கூறியதாகவே கொள்க.

நாட்டின் ஏரிகளைப் பற்றி வேளிரும் மதகுக் காவலரும் கலந்து பேசக் கோமகனார் ஓர் ஓலை வட்டம் அமைத்தார். அரண்மனை முன்வாயிலில் உள்ள பொதுக்குடத்தில் எந்த ஓலை விழுந்தாலும், படியெடுத்து வட்டத்தார் அனைவருக்கும் அனுப்புவது முறை. விலக விரும்புவோர் பின்வாயிலில் இருக்கும் எழுத்தன் ஆதனிடம் சொன்னால் போதும். இது ஒவ்வோர் ஓலையின் அடியிலும் எழுதப்பட்டுள்ளது. அடிவரை படித்தவன் இதுவரை ஆதன் ஒருவனே, எழுதுபவனும் அவனே.

தாங்களோ, தங்கள் பெயரை உடனே நீக்குமாறு எழுதிப் பொதுக்குடத்தில் இடச் செய்தீர்கள். முறைப்படி அது அனைவருக்கும் போயிற்று. தாங்களும் வட்டத்தில் இருந்தமையால் தங்களுக்கும் வந்தது. வேண்டாம் என்றதையே தமக்கு அனுப்பிய மூடன் எவன் என்று தாங்கள் வெகுண்டெழுதியதும் அதே குடத்தில் விழுந்தது. அதுவும் தங்களுக்கு வந்தது. கீழ்கரை வேள், தம் பெயரையும் அவ்வாறே நீக்குக என்று அதே குடத்தில் எழுதி இட்டார். அவைப்புலவர் ஒருவர், இத்தகைய ஓலைகளைப் பொதுக்குடத்தில் இடலாகாது என்பதை நெடும்பாட்டாகப் பாடிப் பொதுக்குடத்தில் இட்டார். எல்லாரும் படிக்கும் நேரம் இதுவே எனக் கண்ட வைத்தியர் ஒருவர், தம் வழுக்கைத் தைலத்தின் பெருமையை எழுதினார்.

ஓலை சுமக்கும் மருதன் எம்முன் வந்து, “ஐயா, அவரு வேணாங்கறாரு, நீங்க குடுன்னு சொல்றீங்க. வாசல்ல நாயை அவுத்து விடறாரு. கடி வாங்கறது நானா, நீங்களா?” என்று பணிவுடன் விண்ணப்பித்தான்.

இந்த அமளிக்கு நடுவே, தங்கள் பெரிய ஏரியின் மதகுக் காவலன் சேந்தன் இட்ட ஓலையும் வந்தது. தெற்குக் கரையில் நீர் கசிகிறது, ஆள் அனுப்புக என்பதே செய்தி. வட்டத்து ஓலை எதையும் படியாமல் மறுக்குமாறு தாங்கள் கட்டளையிட்டிருந்தமையால், தங்கள் எழுத்தர் அதற்கும், “எமக்கு இனி எதுவும் அனுப்பற்க” என்று மறுமொழி தந்தார். சேந்தன் ஆணை மீறாதவன். “கரை ஒடைஞ்சாலும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு வேளு” என்று வாய்மூடிக் கரைமேல் அமர்ந்திருக்கிறானாம்.

ஆகவே கோமகனார் ஆணை: இதைப் படித்தவுடன், விருது ஊதுவோர் உட்பட ஊரார் அனைவரும் மண்வெட்டியோடு தெற்குக் கரைக்குச் செல்க. தாங்களும் செல்க, பல்லக்கு வேண்டாம், கூடை எடுத்துச் செல்க. சேந்தனைப் பேச விடுக. நாயைக் கட்டுக.

தங்கள் பெயரை இன்றே நீக்கிவிட்டோம். வட்டத்திலிருந்து தங்களை நீக்க எமக்கு ஓர் எழுத்தாணி வேண்டியிருந்தது. ஊரிலிருந்து நீக்க அந்த ஏரிக்கு அதுவும் வேண்டாம்.

மறுமொழி எழுதற்க. எழுதியே தீருவேன் என்றால், தங்களை வணங்கிக் கேட்கிறோம், அந்தக் குடத்தில் மட்டும் இடற்க.

கோமகனாரின் ஆமை முத்திரை இட்டோம்.

விலக விரும்புவோர் பின்வாயிலில் ஆதனிடம் சொல்க.